ரெண்டு குதிரையும் நாலு பேரும்

– சும்மா மழுப்பாதீங்க சாரு. நேத்து சாயங்காலம் என் கண்ணால பாத்தேன். டிராலி பாதி மேடு ஏறிச்சி, அப்பறம் புது மோட்டாரு உறுமிக்கினு நின்னுடுச்சி.

– நானும்தான் பார்த்தேன் கங்கம்மா. கயிறு விண்ணுனு இருந்துது, டிராலி ஒரு அங்குலம் நகரலை.

– பாத்துட்டா இங்க குந்திக்கினு நாஷ்டா துண்றீங்க? பத்து மணிக்கு மொதலாளி காரு புதுவாயல் தாண்டி வந்துடும். மோட்டாரு லோடு இழுக்கலன்னா, அத்த வாங்கச் சொன்ன புள்ளய இன்னிக்கே ஊட்டுக்கு அனுப்பிடுவேன்னு மேஸ்திரியாண்ட சொல்லிகீறாரு. அந்தப் புள்ள யாரு? தேவராஜன் சாரு, நீங்கதான்!

– நாஷ்டா இல்லை, புளியோதரை. அப்பா மடப்பள்ளியிலேர்ந்து கொண்டுவந்தது. ஒரு வாய் எடுத்துக்கோங்கோ, வாசனை திருவள்ளூர் வரைக்கும் போகும்.

– புளியோதரையும் வேணாம், ஒண்ணும் வேணாம். ஒரு விசயம் சொல்லணும் நைனா. கோவப்படக் கூடாது.

– கோபமா? எனக்கா? எங்காத்துப் பூனைகூட என்னைப் பார்த்துப் பயப்படாது. சொல்லுங்கோ.

– ஆனி மாசத்துல, இழுக்கற கயித்துல ஒரு தராசக் கட்டி, ஆம்பளைங்கள இழுக்கச் சொல்லி, நோட்டுல எழுதிக்கினு இருந்தீங்களே?

– ஆமாம், ஸ்பிரிங் தராசு. டிராலியோட சேர்த்து ஒண்ணரை டன் பழைய இரும்பு. அதை உலை மேடைக்கு ஏத்த எவ்வளவு இழுப்பு வேணும்னு பார்த்தேன். நூறு கிலோன்னு காட்டித்து. அதுக்கு ரெண்டு எச்.பி., அதாவது ரெண்டு குதிரை சக்தி மோட்டார் போதும்.

– அந்த நூறு பொய்யி சாரு.

– தராசு எங்கயாவது பொய் சொல்லுமா?

– தராசு சொல்லல. நாங்க சொன்னோம். பின்னால யாரும் கை வெக்கக் கூடாதுன்னு தொண்ட கிழியக் கத்தினீங்க. ஆனா ஒரு வண்டி மேடேறுது, நாலு பொம்பளைங்க கையக் கட்டிக்கினு வேடிக்க பாப்பாங்களா? நெல்லு வண்டி, எரு வண்டின்னு சின்னதுலேந்து தள்ளின கையி, தானா போவுது. கன்னியம்மாதான் மொதல்ல வெச்சா. சாராளு “ஏசப்பா”ன்னு தோளயே குடுத்துட்டா. அப்பறம் நானும் முத்தம்மாளும் நின்னா நல்லாவா இருக்கும்?

– அடப் பெருமாளே! நாலு பேருமா?

– நாலு பேருந்தான். லோடு ஒசரமா இருந்திச்சா, முன்னால நின்ன உங்களுக்குத் தெரியல... இன்னா சாரு, சிரிக்கிறீங்க? மெய்யாலுமே சொல்றேன்!

– ஆளுக்கு எவ்வளவு தள்ளினேள்? லேசாவா, அழுத்தியா?

– அழுத்தித்தான். ரொம்பின குடத்தத் தூக்கறாப்பல வெச்சிக்கங்க.

– ஒரு குடம் இருபது கிலோ. நாலு குடம் எண்பது. நூறும் எண்பதும் நூத்தி எண்பது. நடக்கற வேகத்துல அதை இழுக்க, பல்சக்கரம் உரசித் தின்னறதையும் சேர்த்து, நாலு எச்.பி. கிட்ட வேணும். கடையில அஞ்சுதான் கிடைக்கும்.

– அய்யய்யோ! அஞ்சு வேண்டிய எடத்துல ரெண்டா? எங்களால உங்க பொழப்பு பேஜாராச்சே! நான் போயி மொதலாளி கால்ல உழுந்து, தப்பு எங்களுதுன்னு சொல்லிடறேன்.

– சொன்னா உங்களை இன்னிக்கே நிறுத்திடுவார்.

– எப்டியும் நிறுத்தத்தான் போறாரு. மோட்டாரு வந்தா ஆம்பளைங்களுக்கு உலையாண்ட வேல. தள்ளற பொம்பளைங்களுக்கு இன்னா கீது? கன்னியம்மா மூணு நாளா அழுதுக்கினு கீறா. போற வேல இன்னிக்கே போவட்டும், உங்க வேலயாவது நிக்கட்டும்.

– ஒரு இடமும் போக வேண்டாம். உட்காருங்கோ. மொதலாளிகிட்ட குடுக்கற ரிப்போர்ட்டைப் படிக்கறேன், கேளுங்கோ. “மின்வெட்டுக் காலமாதலால் நமக்கு அனுமதித்த கரண்ட்டுக்குள் அடங்க, ரெண்டு எச்.பி. மோட்டார் போடப்பட்டது. பின்னால் தள்ள நிரந்தரமாக நாலு பேர் தேவை. கங்கம்மா, கன்னியம்மா, சாராள், முத்தம்மாள்.”

– எங்க பேரா? நிரந்தரமாவா? மொதலாளி ஒத்துக்குவாரா?

– அஞ்சு எச்.பி. போட்டா பாதி நாள் உலை மேடை தூங்கும். அது அவருக்கே தெரியும். பத்து மணிக்கு நாலு பேரும் வந்து கை வெச்சா டிராலி ஜம்முனு ஏறும். நேத்து உங்களைக் கூப்பிடாம ஏன் ஓட்டினேன்? நீங்க இல்லேன்னா நின்னுடும்னு மேஸ்திரி கண்ணால பார்க்கட்டும்னுதான்.

– இருங்க, இருங்க. இந்தக் காயிதத்துல இன்னா கற? ஆடி மாசம் ஷெட்டு ஒழுவிச்சே, அந்தத் தண்ணி பட்டதாச்சே! நாங்க தள்ளினத இப்பத்தானே உங்களாண்ட சொன்னேன்?

– பத்தடிக்கு ஒரு அடி ஏறற மேடு. ஒண்ணரை டன்னுக்கு, உரசலை விட்டாக்கூட நூத்தம்பது கிலோ இழுப்பு வந்தே ஆகணும். தராசு நூறுன்னு காட்டினதும் குனிஞ்சு டிராலிக்கு அடியில பார்த்தேன் கங்கம்மா. பின்னால எட்டுக் கால் தெரிஞ்சுது.