இரு தளங்களுக்கும் நடுவே இருந்த ராமஸ் அக்காவுக்கு

நூலினும் மெல்லிய நாளங்களை நோக்கி அறிந்த நுண்மதியே! பெயரற்றுக் கிடந்த கிளைக்கெல்லாம் பெயர் சூட்டிய பெருந்தகையே! இருண்ட அறையில் ஒளிரும் திரைமுன் இருபது ஆண்டுகள் இமை சோராது அமர்ந்த எங்கள் ராமஸ் அக்காவே! வணக்கம்.

இதயத்துக்கு இரத்தம் கொண்டுசெல்லும் இடப்பக்கக் குழாய் சற்றுத் தூரம் வந்ததும் இரண்டாகப் பிரியும்; ஒன்று முன்னால் இறங்கும், ஒன்று பின்னால் சுற்றும். சிலருக்கு மட்டும் அந்தக் கவட்டையின் நடுவிலிருந்து மூன்றாவது கிளை ஒன்று புறப்படும். அதுதான் ராமஸ். இதயப் படத்தைப் பார்த்து, முன்கிளையின் பிள்ளை என்று ஒரு டாக்டர் எழுதுவார், பின்கிளையின் பிள்ளை என்று இன்னொருவர் எழுதுவார். "ரெண்டும் இல்ல சார், அது தனி" என்று சளைக்காமல் சொல்லிச் சொல்லியே அந்தப் பெயர் உங்களோடு ஒட்டிக்கொண்டது. அது உங்கள் கணவர் பெயர் என்று நம்பி, "சார் எப்படி இருக்காரு?" என்று ஆறு மாதம் விசாரித்த டாக்டர் இதோ இரண்டாம் வரிசையில் நெளிகிறார். "கொஞ்சம் மெலிவுதான், ஆனா அடைப்பு ஒண்ணும் இல்ல" என்று நீங்களும் முகம் மாறாமல் பதில் சொல்லி வந்தீர்கள்.

நெஞ்சுவலியோடு வந்த அந்தத் தையற்காரரை எப்படி மறப்போம்! முன்கிளையிலிருந்து பிரியும் முதல் பக்கக்கிளையில் அடைப்பு என்றது உங்கள் அறிக்கை. மாற்றுக்குழாய் தைக்க இருந்த அறுவை மருத்துவரோ, ராமஸையே முதல் கிளையாக எண்ணிக்கொண்டிருந்தார். நீங்கள் படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு படியேறி ஓடி, அறுவை அரங்கின் வாசலில் மூச்சிரைக்க நின்றீர்கள். "சார், நீங்க எண்ணுறத எங்க ஆரம்பிக்கிறீங்க? உங்க ஒண்ணு வேற, என் ஒண்ணு வேற!" தையற்காரர் பிழைத்தார். அவர் எழுதிய நன்றிக் கடிதத்தில் கீழ்த்தளப் படப்பிரிவுக்கு நன்றி இருந்தது, மேல்தள இதயப்பிரிவுக்கும் நன்றி இருந்தது. உங்கள் பெயர் இல்லை. அதை உங்களுக்குப் படித்துக் காட்டியவர்களும் நாங்கள்தான்.

ஆம் அக்கா, உங்கள் அறை இரு தளத்துக்கும் இடைப்பட்ட மாடியில், ஜன்னல் இல்லாமல் இருந்தது. படப்பிரிவு உங்களை இதயப்பிரிவின் ஆள் என்றது. இதயப்பிரிவு உங்களைப் படப்பிரிவின் ஆள் என்றது. மதியச் சாப்பாட்டுக்கு இரு தளத்திலும் நாற்காலி போடவில்லை. திரை வெளிச்சத்திலேயே டப்பாவைத் திறந்து தனியாகச் சாப்பிட்டீர்கள். ஆண்டுதோறும் இரு தளத்தாரும் தனித்தனியே எடுத்துக்கொண்ட குழுப்படம் எதிலும் நீங்கள் இல்லை. எல்லாவற்றையும் எடுத்துக் கொடுத்தவர் நீங்கள்.

சென்ற வெள்ளிக்கிழமை நீங்கள் ஓய்வு பெற்றீர்கள். விழாவைக் கீழே வைப்பார்கள் என்று மேலே இருந்தோம். மேலே வைப்பார்கள் என்று கீழே இருந்தோம். மாலை நான்கு மணிக்கு உங்கள் தங்கை புதுச் செருப்பும் கையில் கேமராவுமாக வந்து, வரவேற்பு மேசையில் கேட்டார்: "எங்க அக்காவுக்கு இன்னிக்கு விழாவாமே, எந்த ரூம்ல நடக்குது?" மேசையில் இருந்தவர் மேலே கேட்டார், "கீழதானே?" என்றார்கள். கீழே கேட்டார், "மேல இருக்குமே" என்றார்கள். தங்கை இரண்டு முறை லிப்டில் ஏறி இறங்கினார். அதற்குள் நீங்கள் பையோடு வந்துவிட்டீர்கள். "ஒண்ணுமில்லடி, அடுத்த வாரத்துக்குத் தள்ளி வச்சுட்டாங்க. வா, வீட்டுக்குப் போலாம்" என்றீர்கள்.

இருபது ஆண்டுகளில் ஒரு கிளையைக்கூடப் பெயர் மாற்றிச் சொல்லாத உங்கள் வாய், எங்கள் மானத்தைக் காக்க அன்று ஒரு பொய் சொன்னது. வரவேற்பு மேசையில் இருந்தவர் அழுதுகொண்டே வந்து சொன்னபோதுதான் இரு தளத்துக்கும் அது தெரிந்தது. வெட்கப்படுகிறோம், அக்கா. உங்கள் பொய்யை மெய்யாக்கத்தான், நீங்கள் சொன்ன அதே அடுத்த வாரத்தில், உங்கள் இடைமாடியிலேயே இன்று நெருக்கியடித்து நிற்கிறோம்.

ராமஸ் எல்லா இதயத்துக்கும் வாய்ப்பதில்லை என்று நீங்கள்தான் கற்பித்தீர்கள். எங்களுக்கு வாய்த்தது; பார்க்கத்தான் தெரியவில்லை. ஒளி குன்றாக் கண்ணும், ஓயாத நெஞ்சும், உடன் அமர்ந்து உண்ண ஆளும் பெற்று நீங்கள் நெடுநாள் நலமோடு வாழ வேண்டும். இனி நீங்கள் எவரையும் படம் எடுக்க வேண்டாம். தங்கை கேமராவைத் திறந்துவிட்டார். கீழ்த்தளத்தார் இடப்பக்கம், மேல்தளத்தார் வலப்பக்கம் நிற்கிறோம்.

நடுவில் வந்து நில்லுங்கள், அக்கா.

உங்களைத் தங்கள் ஆள் என்று இப்போது போட்டி போடும்
கீழ்த்தளத்தாரும் மேல்தளத்தாரும்