ஹெப்சிபா அம்மாள் கேட்டு வாங்கிய அரிசி

தலைவர், சபைக் குரு தேவதாசன் ஐயர் அவர்களே, மேடையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே, பாளையங்கோட்டைக் கைப்பிடி அரிசிச் சங்கத்துத் தாய்மாரே, உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

நம் பெண்பாடசாலையின் தலைமை ஆசிரியை, சங்கத்தின் காரியதரிசி, ஹெப்சிபா அம்மாள் மறைந்து இன்று பதினோராம் நாள். வாந்திபேதி. காலையில் தொடங்கியது. அந்திக்குள் முடிந்துவிட்டது.

அவர்களைப் புகழ என்னை அழைத்தீர்கள். புகழ்கிறேன். கூடவே ஓர் உண்மையையும் சொல்லியாக வேண்டும்.

சென்னையில் தாவர, பிராணி சாஸ்திரங்களில் எம்.ஏ. படிக்க எனக்கு இடம் கிடைத்தது. கையில் ஒன்றுமில்லை. அம்மாள்தான் அலைந்தார்கள். மிஷனில் கேட்டார்கள்; குருப்பட்டத்துக்கு வருவதாக எழுதிக் கொடுத்தால் பார்க்கலாம் என்று பதில் வந்தது. துரைத்தனத்து உபகாரச் சம்பளத்துக்கு மூன்று முறை மனு எழுதினார்கள். அது வேறொருவருக்குப் போயிற்று. தச்சநல்லூர் ஜவுளி வியாபாரி ஒருவரிடமும் போனார்கள்.

"தவளைய அறுக்கதுக்கா துட்டு கேக்கிய? வக்கீலுக்குப் படிக்கச் சொல்லுங்க, இன்னைக்கே தாரேன்."

"வக்கீலு உங்களையில்லா அறுப்பான், அண்ணாச்சி! தவளைன்னா உங்களுக்குச் சேதமில்ல."

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். பணம் தரவில்லை.

கடைசியில் அம்மாள் உங்களிடம் வந்தார்கள். உலையில் அரிசி போடுமுன் ஒரு பிடியைச் சபை ஊழியத்துக்கென்று தனிப்பானையில் எடுத்து வைப்பது நம் வீடுகளின் வழக்கம். அதில் ஒரு பங்கை என் படிப்புக்குக் கேட்டார்கள். எத்தனை வாசல்! எத்தனை ஏச்சு! செடி, பிராணி, கிருமி பற்றிய படிப்பு என்றுதான் ஒவ்வொரு வாசலிலும் சொன்னார்கள்.

நம் சங்கத்துச் சாரம்மாள் அக்கா தெருவில் என்னை நிறுத்திக் கேட்டார்கள்: "ஏலே, டாக்டருக்குத்தான படிக்க?"

"ஆமா அக்கா" என்றேன்.

ஊரெல்லாம் அதை நம்பியது. இரண்டு வருஷம் அந்தச் சொல்லில் உண்டேன்.

அம்மாளுக்குத் தெரிந்தபோது கோபிக்கவில்லை. "நான் சொன்னா கோள் சொன்ன மாதிரி இருக்கும்லே. நீயே பைய ஒவ்வொரு வீடா போய்ச் சொல்லிரு" என்றார்கள். சரி என்றேன். சொல்லவில்லை.

பரீட்சை எழுதிவிட்டு ஊருக்கு வந்திருந்தேன். அம்மாளுக்கு நோய் கண்ட அன்று பத்தமடைப் பக்கம் ஆற்றோரம் செடி சேகரித்துக்கொண்டிருந்தேன். அம்மாளின் மகள் சாலோமி ஆஸ்பத்திரிக்கு ஆள் அனுப்பக் கெஞ்சியிருக்கிறாள். "நம்ம டாக்டர கூப்பிட ஆள் போயிருக்கு தாயி, இப்ப வந்துருவான்" என்று நீங்கள் தடுத்தீர்கள். அன்பினால் தடுத்தீர்கள்.

நான் வந்து சேர நடுப்பகல் ஆயிற்று. கல்லூரியிலிருந்து கொண்டுவந்திருந்த மைக்ராஸ்கோப்பில் அம்மாளின் கழிவில் ஒரு துளியை வைத்துப் பார்த்தேன். வளைந்த கிருமிகள் நீந்தின. அவற்றின் பெயர் எனக்குத் தெரியும். நிறுத்தத் தெரியாது.

அம்மாளுக்குக் குரல் எழவில்லை. ஆனாலும் பேசினார்கள். "அவனப் போட்டு வதைக்காதீங்க. அவங்கிட்ட மருந்து இல்ல. ஆஸ்பத்திரிக்கு ஆள் விடுங்க."

அப்போதும் அம்மாள் என் பொய்யை வெளியிடவில்லை.

அப்போதுதான் ஆள் போனது. முன்பே போயிருந்தால் பிழைத்திருப்பார்களா? எனக்குத் தெரியாது. யாருக்குத் தெரியும்? அந்தக் கேள்வி என்னோடு இருக்கும். இருக்க வேண்டும்.

தாய்மாரே! நான் டாக்டர் அல்ல. ஒருநாளும் டாக்டருக்குப் படிக்கவில்லை.

அம்மாள் அடுத்து உதவ எண்ணியிருந்தது நம் ஊர்ப் பையன் ஜெபசீலனுக்கு. பி.ஏ. தேறிவிட்டான். சென்னையில் வகுப்பு திறக்க ஐந்து வாரம் இருக்கிறது. சனிக்கிழமைதோறும் வீடு வீடாய் எடுக்கும் பானை அரிசியைப் போன வாரம் எடுக்க யாரும் வரவில்லை. வரும் சனிக்கிழமை நான் வருவேன். இவன் டாக்டர் ஆக மாட்டான் என்று சொல்வேன். தாமிரபரணித் தண்ணீரில் அந்தக் கிருமி எப்படிப் பிழைக்கிறது என்று பார்ப்பான் என்று சொல்வேன். அதற்கு மேல் வாக்கு இல்லை. எனக்கு வேலை கிடைத்ததும் என் சம்பளத்தில் பாதி அவனுக்கு. இதைக் கேட்டபிறகு அரிசி இல்லை என்பவர்களுக்கும் வணக்கம் சொல்லி அடுத்த வாசலுக்குப் போவேன்.

சாலோமி, முதலில் உங்கள் வீடு. திற என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை.

தட்டுவேன்.