விரிச்சா அஞ்சர அடி

சத்தியமா சொல்றேன் தம்பி, உன் கடையில எரியிற இந்த ட்யூப்லைட்டு மேல சத்தியம், என் ரெண்டு கண்ணு மேல சத்தியம். நான் சொல்லப்போறதுல ஒரு வார்த்த பொய் இருந்தா, உன் சாமியானா கம்பு அத்தினியும் ஒண்ணா சரிஞ்சி என் தலமேலயே வுயட்டும். நம்பிக்க இல்லனா கம்ப லேசா ஆட்டிப் பாரேன். ஆட்டிட்டியா? வுய்ந்துச்சா? அப்ப உண்மதான.

இல்லப்பா, வாடகைக்கு நாற்காலி வேணாம். வந்ததும் சொன்னேனே. அண்டா வேணாம், ஜமுக்காளம் வேணாம். எங்க வூட்ல கல்யாணமும் இல்ல, காதுகுத்தும் இல்ல. நான் சொல்ற நாற்காலி வேற. பக்கத்துல ஒரு பட்டன் இருக்கும். அமுக்கினா முதுகு பின்னால சாயும், காலுக்குக் கீய ஒரு பலக தானா எய்ந்துக்கினு வரும். ஆங், ரிக்ளைனரு. நீயே சொல்லிட்ட. எனக்கு அந்தப் பேரு வாயில நிக்க மாட்டேன்து.

எனக்கு இல்லப்பா, எனக்கு எதுக்கு? திருப்புலிவனத்துல கன்னியப்பன்னு ஒருத்தன் கீறான். என் வயசுதான் இருக்கும். அவன் கத இது. உன்கிட்ட வந்து ஏன் சொல்றேன்னு இப்ப கேக்காத, தன்னால தெரியும். என் பஸ்சுக்கு இன்னும் முக்கா மணி நேரம் கீது. அந்த ஸ்டூல இப்படித் தள்ளு, முட்டி ரெண்டும் ஒத்துக்கல.

கன்னியப்பன் கீறானே, அவன் பொய் சொல்லலன்னா அன்னிக்கி அவனுக்கு சோறு எறங்காது. ஏரி ரொம்பின வருசம் ஒரு வெரால் மீனு ரோட்டுக்கு வந்து பஸ்சுல ஏறிச்சாம், கண்டக்டர் அதுக்கு அர டிக்கெட் போட்டாராம். இத்த அவன் முப்பது வருசமா சொல்லிக்கினு கீறான். ஊர்ல ஒருத்தன் நம்பறதில்ல, ஆனா ஒருத்தன் எய்ந்து போறதும் இல்ல. அப்படியாப்பட்டவன் இந்த ஒரு நாற்காலி வாங்கறதுக்குள்ள நாயாப்பட்டுப் பூட்டான். ரெண்டு மாசம். ரெண்டு மாசத்துல ஒரு போகம் நெல்லு பாதி வந்துடும் தம்பி.

நாற்காலி அவன் பொண்டாட்டிக்கு. பாஞ்சாலின்னு பேரு. இருதயம் வீங்கிக்கீது அந்தம்மாவுக்கு. மல்லாந்து படுத்தா நெஞ்சுல தண்ணி ஏறிக்கினு மூச்சு முட்டுது. செங்கல்பட்டு டாக்டரு தெளிவா சொல்லிட்டாரு, இனிமே மட்டமா படுக்கக் கூடாது, சாஞ்சாப்புல ஒக்காந்துதான் தூங்கணும்னு. தலவாணி நாலு அடுக்கிப் பாத்தான், சரிஞ்சி பூடுது. நாலு மாசமா அந்தம்மா பிளாஸ்டிக் நாற்காலியில ஒக்காந்து, பீரோவுல தலைய சாச்சிக்கினு தூங்குது. தூக்கமா அது? பீரோ கைப்பிடி அழுத்தி நெத்திப் பொட்டுல ஒரு தயும்பு வியுந்துபோச்சி. கன்னியப்பன் அது என் முத்திரை, ரேசன் கார்டுல காட்டினா ரெண்டு கிலோ சக்கர சேத்துக் குடுப்பாங்கன்னான். அந்தம்மா சிரிச்சிது. சிரிச்சா மூச்சு வாங்குது, அதனால இப்பல்லாம் அவன் சிரிக்கிறா மாதிரி எதும் சொல்றதில்ல. பாதி ஆளு ஆய்ட்டான்.

காசு ஒரு பிரச்சனயே இல்ல. பையன் தமிழரசன் ஒரகடத்துல கம்பெனி வேல. நைனா, நல்லதா பாத்து எடு, காச பத்தி பேசாதன்னு சொல்லிட்டான். எடந்தான் பேஜாரு. ஹாலு எவ்ளோன்ற? வடக்கால தெக்கால பத்தடி, இந்தாண்ட அந்தாண்ட ஒம்போது. அதுல டிவி, பீரோ, தெருக்கதவு, சமையக்கட்டுக்குப் போற வயி. உள்ள ஒரு ரூமு கீது, அதுல நெல்லு மூட்டையும் எலியும் குடித்தனம் பண்ணுது.

காஞ்சிபுரத்துல ஒரு கடையிலேர்ந்து பீட்டருன்னு ஒரு பையன் அளக்க வந்தான். நல்ல பையன், டை கட்டிக்கினு மொபெட்ல வந்தான். டேப்ப இயுத்துப் பாத்துட்டு, பெரியவரே, நாற்காலி மடிச்சா மூணு அடி, விரிச்சா அஞ்சர அடி, டிவிக்கு எதிர்ல நடு ஹாலுல போட்டா கனகச்சிதமா இருக்கும்னான். கன்னியப்பன் ஆவாதுன்னுட்டான். ஏன்னா, அவன் அங்க முன்னாடியே சாக்பீசால ஒரு கட்டம் போட்டு வெச்சிக்கீறான். ஏயடி நீளம், மூணடி அகலம். அதுக்குள்ள ஒரு சாமானும் வரக்கூடாதாம்.

பீட்டரு கேட்டான், இன்னா பெரியவரே அந்தக் கட்டத்துல? கன்னியப்பன் கொஞ்சங்கூட யோசிக்கல. எங்க பாட்டன் காலத்துல புலி படுத்த எடம்ப்பா அது, ஊரு பேர்லயே புலி கீது பாக்கல? அது மேல எத வெச்சாலும் குப்புற கவுந்துக்கும்னான். பையன் பயந்துபோயி கட்டத்த மிதிக்காம சுத்திக்கினு வெளிய போனான். தமிழரசன் கேட்டதுக்கு, தரைக்குக் கீய பாம்புப் பொந்து ஒண்ண அடைச்சி வெச்சிக்கீறேன், பாரம் ஏத்தினா தொறந்துக்கும்னான். பொண்டாட்டி கேட்டுது. அதுக்கு மட்டும், எனக்குப் பாய் போட எடம் வேணாவா, உன் பக்கத்துலதான படுக்கணும்னான். அந்தம்மா கட்டத்தப் பாத்துது, அவனப் பாத்துது.

இப்படியே பதினோரு நாற்காலிய வாணான்னுட்டான் தம்பி. ஒண்ணு விரிச்சா தெருக்கதவு தொறக்கல. ஒண்ணு செவுத்துல இடிக்குது. பீரோவ ரூமுக்குள்ள தள்ளிப் பாத்தான், அப்பவும் விரிச்சா கால்பலக ஒரு சாண் அந்தக் கட்டத்துக்குள்ள வந்துடுது. ஒரு சாணுக்காவ ஒரு பொம்பள பீரோவுல சாஞ்சிக்கினு கீது. பையன் போன்ல கத்தறான், நைனா உனுக்கு புத்தி கலங்கிட்ச்சா, எடத்த கட்டிக்கினு அயுறியேன்னு. கஞ்சன்னு பேரு வாங்கினான், கிறுக்கன்னு பேரு வாங்கினான். கட்டத்த மட்டும் அழிக்கல.

டீயா? சொல்லு, சக்கர வேணாம்.

சின்ன எடத்துல பெரிய சாமான் வாங்கினா இன்னா ஆவும்னு அவனுக்குத் தெரியும்ப்பா, அதான். பாஞ்சாலிக்கு அக்கா ஒருத்தி, ஜெயம்மாள்னு, ஐயங்கார்குளத்துல. அவ பையன் எல் மாதிரி வளைஞ்ச சோபா ஒண்ணு வாங்கினான். வாசல்ல நொயயல. ஜன்னல் கம்பிய பேத்துட்டு உள்ள தள்ளி, திருப்பி கம்பிய வெச்சி சிமெண்ட்டு பூசிட்டான். அப்பால அந்த வூட்ல நடக்க வயி இல்ல. ஜெயம்மாள் காபி டம்ளர எட்த்துக்கினு சோபா மேலயே ஏறி நடந்து வருவா, ஏரிக்கரை மேல நடக்கறா மாதிரி. ஒரு ஆடு சோபாவுக்கு அடியில போயி குட்டி போட்டு, குட்டி பால் மறந்த அப்பாலதான் வூட்ல இருக்கிறவங்களுக்கே தெரிஞ்சிதுன்னு கன்னியப்பன் சொல்வான். ஆடு பொய்யி. சோபா நெசம். அத்த ஞாபகத்துல வெச்சிக்க.

போன வாரம் பீட்டரு போன் பண்ணான். பெரியவரே, அந்தம்மாவ ஒரு தபா கடைக்கு இட்டுக்கினு வாங்க, ஒக்காந்து பாக்கட்டும்னு. ஆட்டோ வெச்சி இட்டுக்கினு போனான். கடை ஏசி. வரிசையா பதினஞ்சி நாற்காலி. பாஞ்சாலி செருப்ப வெளியவே வுட்டுட்டு, கோயிலுக்குள்ள போறாப்புல போச்சி. ஓரமா இருந்த ஒரு காப்பிக் கலர் நாற்காலியில ஒக்காந்துது. பீட்டரு பட்டன அமுக்கினான். அது மெதுவா சாஞ்சிது. அந்தம்மா மேல விட்டத்தப் பாத்துது. ஒரு பெரிய மூச்சு வுட்டுது. அவ்ளோதான், தூங்கிப்போச்சி.

ஆமாம்ப்பா, கடையிலயே. ஒண்ணர மணி நேரம். நாலு மாசத் தூக்கம். பீட்டரு நல்ல பையன்னு சொன்னேனே, அந்தப் பக்கத்து லைட்ட அணைச்சிட்டான், பாட்ட நிறுத்திட்டான். கன்னியப்பன் நாற்காலி பக்கத்துலயே வாட்ச்மேன் மாதிரி நின்னுக்கினு கீறான். ஒரு புருசனும் பொண்டாட்டியும் அந்த நாற்காலிதான் வேணும்னு வந்தாங்க. கன்னியப்பன் கொரல அடக்கி, கம்பெனியிலேர்ந்து டெஸ்ட் பண்றாங்க, தூங்கறவங்க கம்பெனி இஞ்சினியரு, எழுப்பினா அளவு தப்பிப்பூடும்னான். அந்தப் பொண்ணு வாயப் பொத்திக்கினு சிரிச்சிட்டு நவுந்து போச்சி. அவன் கால் கடுக்க நின்னுக்கினே கீறான். பொண்டாட்டி நெத்தில அந்தத் தயும்பு தெரியுது. மூச்சு சீரா போவுது, வருது. எண்ணிக்கினே இருந்தானாம். எண்ணி முடியலயாம்.

முயிச்சிக்கினதும் அந்தம்மா மொதல்ல கேட்டது ஒண்ணே ஒண்ணுதான். ஏன்யா, நம்ம வூட்ல இதுக்கு எடம் கீதா?

கீதுன்னான்.

அந்தம்மா தண்ணி குடிக்க எய்ந்து போச்சி. பீட்டரு பட்டன அமுக்கினான். கால்பலக உள்ள போச்சி, முதுகு நிமிந்துது, நாற்காலி மடங்கி, ஆளில்லாம, இத்தினூண்டா நின்னுச்சி. கன்னியப்பன் அத்தப் பாத்துக்கினே நின்னான். ரொம்ப நேரம். அப்பால பீட்டர கூப்ட்டு, வெள்ளிக்கெயம வூட்டுக்கு அனுப்பிடுன்னான். விரிச்சா அஞ்சர அடி ஆச்சே பெரியவரே, உங்க புலி எடத்துல இடிக்குமேன்னு அவன் கேட்டான். புலிகிட்ட நான் பேசிக்கிறேன்னுட்டு வந்துட்டான்.

போன் அடிக்குது பாரு, எடு. எடுப்பா, வியாபாரத்த வுடாத. நான் ஒக்காந்துக்கினுதான் கீறேன்.

இன்னாவாம்? பழையசீவரமா? வயசானவங்களா... ம். பாவம். எப்ப வண்டி அனுப்பற? இப்பவேவா? இரு தம்பி. அந்தப் பொட்டிய வண்டியில ஏத்தறதுக்கு முன்ன ஒரு நிமிசம் குடு. அந்த ஐஸ் பொட்டிதான்ப்பா, பொணம் வெக்கிற கண்ணாடிப் பொட்டி. அதுக்குத்தான் நான் வந்ததே.

பதறாத, எங்க வூட்ல யாரும் சாவல. ஒக்காரு, மிச்சத்தயும் சொல்லிட்றேன், சின்னதுதான்.

ரெண்டு வருசத்துக்கு முந்தி ஐப்பசி மயயில ஜெயம்மாள் செத்துப்போனா. இதே மாதிரி பொட்டி வந்துது. உள்ள போவல. சோபா வெளிய வரல. ஜன்னலுக்கு சிமெண்ட்டு பூசியாச்சே. கடைசில தெருவுல, கால்வா ஓரமா, தார்ப்பாய் கட்டி அதுக்குக் கீய வெச்சாங்க. பக்கத்து வூட்லேர்ந்து ஒயரு இயுத்து கரண்ட்டு. தார்ப்பாயில ஓட்ட, தண்ணி சொட்டு சொட்டா கண்ணாடி மேல ஊத்துது. மூஞ்சி தெரியல. ஒருத்தன் பைக்ல வந்து வயி வுடுங்கன்னு ஆரன் அடிக்கிறான். பாஞ்சாலி பகல் பூரா பொட்டி பக்கத்துல குந்திக்கினு, முந்தானையால கண்ணாடிய தொடச்சிக்கினே இருந்துது. தொடைக்குது, சொட்டுது, தொடைக்குது. வூட்டுக்கு வந்து தல முயுகிட்டு, ஈரத் தலையோட அவனாண்ட ஒண்ணே ஒண்ணு சொல்லிச்சி. என்ன தெருவுல வெச்சிடாதய்யா, நம்ம வூட்டு ஹாலுலயே வெய்யி.

அதான் அந்தக் கட்டம். தெக்கால தல வெச்சா ஏயடி, அகலம் மூணடி. புலியும் இல்ல, பாம்பும் இல்ல.

ரெண்டு மாசமா அவன் பண்ண தப்பு இன்னா தெரியுமா? நாற்காலிய விரிச்ச அளவ வெச்சிக்கினு, அதுவும் வேணும் இதுவும் வேணும்னு மாரடிச்சிக்கினு இருந்தான். அன்னிக்கி கடையில, அந்தம்மா எய்ந்து போன அப்பால நாற்காலி மடங்கிச்சி பாரு, அப்பத்தான் அவன் மண்டையில ஏறுச்சி. பொட்டி வர்ற அன்னிக்கி அந்த நாற்காலிய யாரு விரிக்கப்போறா? மடிச்ச அளவு போதுமேப்பா. மூணடி போதும். இத்தினி நாளும் வீணா அந்தம்மாவ பீரோவுல சாய வெச்சிட்டான்.

இந்தா டேப்பு. அந்தப் பக்கம் புடி. நான் மனக்கணக்குல போட்ட கட்டம் அது, நெசப் பொட்டி எவ்ளோன்னு தெரியணுமில்ல? இயு. ஏயடி ரெண்டு அங்குலம். அகலம் ரெண்டே முக்கா. இந்த மோட்டாரு துருத்திக்கினு கீதே, அதயும் சேத்துப் புடி. சரி. சரி. நீளம் ரெண்டு அங்குலம் கூடனா இன்னா, போதும்ப்பா. எடம் கீது. ஆளுங்க சுத்தி வந்து அயுறதுக்கும் ஒரு ஓரமா வயி கீது.

எயுதிக்காத. நம்பரும் வேணாம், அட்வான்சும் வேணாம். கோச்சிக்காத, நீ ரொம்ப வருசத்துக்கு எங்க ஊரு பக்கமே வரக் கூடாது. வெள்ளிக்கெயம நாற்காலி வருது, அந்தம்மா அதுல சாஞ்சி தூங்கட்டும், நெத்தித் தயும்பு ஆறட்டும், அப்பால பாக்கலாம்.

எங்க ஊர்லயும் பந்தக்கார மணி கீறான், பொட்டி வெச்சிக்கீறான். அவனாண்ட டேப்ப நீட்டினா, நான் வூடு போயி சேர்றதுக்குள்ள சேதி பாஞ்சாலி காதுல வுய்ந்துடும். அதான் பஸ் ஏறி உன்னத் தேடி வந்தது. அதனால தம்பி, உன் கையப் புடிச்சிக் கேட்டுக்கறேன், யாராச்சும் விசாரிச்சா, ஒரு கெயவன் வந்து சாமியானாவுக்கு வெல கேட்டு பேரம் படியாம போய்ட்டான்னு சொல்லு. மீனு பஸ் ஏறின கத சொன்னான்னு கூட சொல்லிக்க.

கன்னியப்பன் வந்தான்னு மட்டும் சொல்லிடாத.