ஒரு புள்ளிகூட விழாத மூன்று நிமிடம்

“கேமராவை ஆன் பண்ணுங்கக்கா” என்று கேட்டது நான்தான், மேடம். நான் இங்கே பாடம் நடத்த வந்த முதல் நாளே நீங்கள் சொன்னீர்கள்: படிக்க வருபவர் முகம் காட்டவில்லை என்றால் அதற்கு ஒரு காரணம் இருக்கும், கேட்கவே கேட்காதே என்று. மறக்கவில்லை. ஆனாலும் கேட்டேன். ஏன் என்று எழுதித் தரச் சொன்னீர்கள். எழுதுகிறேன்.

புதன்கிழமை காலை ஆன்லைன் விவாத வகுப்பு உங்களுக்குத் தெரிந்ததுதான். எட்டுப் பேர், ஒரு தலைப்பு, இரண்டு கட்சி. ஆளுக்கு மூன்று நிமிடம், வெளிநாட்டு மொழியில் மட்டும். இரண்டு நொடிக்கு மேல் வாய் நின்றால் திரையில் ஒரு சிவப்புப் புள்ளி விழும். அந்த எட்டில் ஒருவரான தையல்கார அக்காவுக்கு முப்பதுக்குக் குறைந்து விழுந்ததே இல்லை. இலக்கணத்தில் பிழையே கிடையாது. வாய்தான் வராது.

அக்காவின் காரணமும் எனக்குத் தெரியும். “வீட்டுக்காரன்கிட்ட இருந்து பொண்ணைத் தூக்கிக்கிட்டு ஓடி வந்தவ நான். இந்தப் பரீட்சை பாஸ் பண்ணிட்டா வெளிநாட்டுல வேலை, கடல் தாண்டிடுவேன். அதுவரைக்கும் மூஞ்சி தெரியக் கூடாதும்மா. தெரிஞ்சா கொன்னுடுவான்.”

எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். இந்த மொழியில் நடந்த முதல் இன்டர்வியூவில் வாயடைத்துப் போய் உட்கார்ந்திருந்தேன். “டிகிரி வாங்கின இடத்துலயே நாக்கை மறந்து வெச்சுட்டு வந்துட்டியா?” என்று மூன்று பேர் சிரித்தார்கள். இறங்கும்போது லிஃப்ட் பாதியில் நின்று விளக்கும் அணைந்தது. அதே மொழியில் நான் கத்திய கத்தலில் ஒரு தடுமாற்றம் இல்லை. நாக்கு இருந்திருக்கிறது, பயம்தான் போதவில்லை. அன்று கற்றதைத்தான் நடத்துகிறேன்.

போன மாதம் லாரி டிரைவர் ஒருவர் சேர்ந்தார். இரண்டு வகுப்பு முகம் காட்டாமல், வாய் திறக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு எனக்குத் தனியாக எழுதினார்: “டீச்சர், அந்தத் தையல் வேலை செய்யறவங்க எந்த ஊர்?” தெரியாது என்று பதில் போட்டேன். ஊர் உண்மையிலேயே தெரியாது. ஆள் யார் என்று தெரிந்துவிட்டது. உங்களிடம் சொல்லவில்லை, அக்காவிடமும் சொல்லவில்லை. தலைப்பை மட்டும் மாற்றினேன்: ‘பிரிந்து போன மனைவி திரும்பி வர வேண்டும்.’ குலுக்கிப் போட்டுத்தான் கட்சி பிரிப்போம். அன்று குலுக்கவில்லை. டிரைவர் ஒட்டி, அக்கா வெட்டி.

டிரைவர் பேசினார். முதல் வாக்கியத்திலேயே அக்காவுக்குக் குரல் பிடிபட்டிருக்கும். அக்காவின் முறை வந்தபோது புள்ளிகள் மட்டும் விழுந்துகொண்டிருந்தன. பதினைந்து எண்ணினேன். அப்போதுதான் கேட்டேன்.

“ஆன் பண்ணலைன்னா வகுப்புச் சான்றிதழ் கிடையாதுக்கா. அது இல்லாம பரீட்சை ஹாலுக்குள்ள விட மாட்டாங்க.”

ஆன் செய்தார். வெளுத்த முகம். மெஷினில் பாதி தைத்த சட்டை. தண்ணீர் பாட்டிலை எடுக்க மகள் பின்னால் வந்தாள், பள்ளிச் சீருடையில். சட்டைப் பையில் பள்ளியின் பெயர் பெரிதாகத் தைத்திருந்தது.

“பாப்பா வளந்துட்டாளே” என்றார் டிரைவர், நம் பேச்சில். வேறு மாநிலத்துக்காரர்களான மற்ற ஆறு பேருக்கும் அது புரியாது.

அதன் பிறகு அக்கா பேசினார், மேடம். அந்த ஆறு பேருக்கும் புரிய வேண்டும் என்று வெளிநாட்டு மொழியிலேயே பேசினார். கெஞ்சினார், சட்டம் சொன்னார், எல்லோரையும் சாட்சிக்குக் கூப்பிட்டார், மகளை விட்டுவிடச் சொன்னார். மூன்று நிமிடம். ஒரு புள்ளிகூட விழவில்லை. டிரைவருக்கு மறுப்புரை பாக்கி இருந்தது. அதற்கு நிற்காமல் வெளியேறிவிட்டார்.

அக்காவின் வீட்டுக் கதவு மூன்று நாளாகத் திறந்தே கிடக்கிறது, அவரையும் மகளையும் காணோம் என்று காலையில் நீங்கள் சொன்னீர்கள். உங்கள் குரல் நடுங்கியது. ஆனால் ஓர் இடத்தில்கூட நிற்கவில்லை. கவனித்தேன்.

வந்த டிரைவர் யார் என்று தெரிந்தேதான் செய்தேன். இதைப் போலீசுக்குக் கொடுப்பதானால் கொடுங்கள். கையெழுத்துப் போட்டு மேஜையில் வைத்துவிட்டு வெளியே போகிறேன். பதினோரு மணிக்கு வகுப்பு இருக்கிறது. புதிதாகச் சேர்ந்த நர்சம்மாவுக்கும் வாய் வரவில்லை. அவருக்கு எதைக் கண்டால் பயம் என்று போன வாரமே கேட்டு வைத்துவிட்டேன்.