அமைச்சர் தேதி கொடுக்கும் வரை

எனக்கு மேடை என்றாலே கூச்சம். மாலை போட்டால் கழுத்தில் அரிப்பு வரும். ஆனாலும் ராபர்ட்சன்பேட்டையில் சொந்த ஆஸ்பத்திரி நடத்துகிற டாக்டர், ஊருக்கே முதல் இன்குபேட்டரை வாங்கிவிட்டுச் சும்மா இருக்க முடியுமா? திறப்பு விழாவுக்கு வர அமைச்சர் சம்மதித்தார். உள்ளே வைக்க ஒரு குழந்தைதான் பாக்கி.

ஜெயசீலிக்கு ஏழாம் மாதத்திலேயே பெண் பிறந்தது. கடவுளும் விழாக் கமிட்டியில் இருந்தார் போலும்.

மூன்றாம் நாள் நர்ஸ் பியாட்ரிஸ் வந்தாள். "ஆக்சிஜனக் கொறச்சிடலாம் டாக்டர். பாப்பா நல்லாத்தான் மூச்சு உடுது. ஜாஸ்தியானா கண்ணு பூடும்."

அது நானும் படித்ததுதான். ஆனால் குறைத்தால் குழந்தை கொஞ்சம் வெளிறித் தெரிந்தது. போட்டோவுக்கு ரோஜா நிறம்தான் எடுப்பு. போதாததற்கு அப்பா ஏசுபாதம் சுரங்கத் தொழிலாளி. "கீழ் லெவல்ல காத்து கொறஞ்சா ஆளு காலி சார். நல்லா தொறந்து உடுங்க" என்றான். பெற்றவன் மனதை நோகடிப்பானேன் என்று திறந்தே வைத்தேன்.

நாலாவது வாரம் கண் பரிசோதனைக்குப் பெங்களூருக்கு அனுப்ப வேண்டும். அப்போதே பார்த்தால் பெரும்பாலும் பார்வையைக் காப்பாற்றிவிடலாம். அந்த வாரம்தான் விழா, முடியட்டும் என்றேன். அமைச்சர் தேதியைத் தள்ளினார். நானும் தள்ளினேன். அவர் மூன்று முறை தள்ளினார். நான் மரியாதை தெரிந்தவன்.

"மந்திரி வர்ற வரிக்கும் பாப்பா கண்ணு காத்துக்கினு இருக்குமா டாக்டர்?" என்றாள் பியாட்ரிஸ். அவளை வாசலில் நோயாளிகளுக்குப் பதிவுச் சீட்டு எழுதும் இடத்துக்கு மாற்றினேன்.

தொண்ணூறாம் நாள் விழா நடந்தது. குழந்தை அதற்குள் தேறி, கண்ணாடிப் பெட்டியில் கால் இடித்தது. இருந்தாலும் படுக்க வைத்தோம். அமைச்சர் ரிப்பன் வெட்டினார். முகத்துக்கு நேரே ஃப்ளாஷ் மின்னியது, குழந்தை இமைக்கவில்லை. தைரியசாலி என்றார் அமைச்சர். எல்லோரும் கைதட்டினார்கள். நானும்.

எனக்கு அதில் வியப்பில்லை. ஒரு வாரம் முன்பே டார்ச் அடித்துப் பார்த்திருந்தேன். இரண்டு கருமணிக்குள்ளும் வெள்ளை. எழுதிக்கொள்ளுங்கள், தெரிந்தேதான் மேடையேற்றினேன்.

"இன்னா டாக்டர், எம் மூஞ்சியவே பாக்க மாட்டேங்குது?" என்றாள் ஜெயசீலி.

"கொறமாசம் இல்லியாம்மா, மெதுவா பழகும்" என்றேன். ஏசுபாதம் எனக்குக் கைகூப்பினான்.

அப்போதே சொல்லியிருக்கலாம். ஆனால் இருவரும் அவ்வளவு சந்தோஷமாக இருந்தார்கள். அடுத்தவர் சந்தோஷத்தைக் கெடுக்கும் பழக்கம் எனக்குக் கிடையாது.