மதில் பக்கம் காட்டிய கை

இந்தக் காலத்து ஆட்கள் சப்பாத்தைத் தட்டிப் பார்க்காமல் காலை விடுகிறார்கள். பஸ் நிற்க முதலே இறங்குகிறார்கள். சந்தையில் மீனின் செவுளைத் தூக்கிப் பார்க்காமல் பையை நீட்டுகிறார்கள். கேட்டால் சிரிப்பு. எல்லாவற்றையும் சந்தேகப்பட்டால் வாழ ஏலாதாம். எனக்கு எழுபது தாண்டிவிட்டது, இன்னும் இரண்டு காலோடு நிற்கிறேன். சண்டை முடிந்து, மிதிவெடி புதைத்துக் கிடந்த வெருகல் பக்கம் திரும்பிப் போன நாட்களில், மிதிக்க முதல் நிலத்தைப் பார்த்தவன்தான் காலோடு இருந்தான். மற்றவர்கள் என்ன ஆனார்கள் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

நீங்கள் பொலிசிலிருந்து நாயைப் பற்றிக் கேட்க வந்திருக்கிறீர்கள். சொல்கிறேன். நான் சொல்வதைத்தான் எழுதுகிறீர்களா என்று எனக்குத் தெரியாது, வாசிப்பு எனக்கு அவ்வளவாக வராது. ஆனாலும் சொல்கிறேன். சொல்லாவிட்டால் என் மகள் ஒரு கதையும் அந்த டிலான் ஒரு கதையும் சொல்லித் திரிவார்கள்.

என் பெயர் அருளம்பலம். துறைமுகத்தில் வேலை செய்தவன். கப்பலின் அடி அறைக்குள் சாமான் இறக்கும்போது கிரேன்காரனுக்கு உள்ளே நடப்பது தெரியாது. அறை வாயில் ஒருவன் நின்று கையால் சாடை காட்டவேண்டும். இறக்கு, நிறுத்து, இடப்பக்கம் திருப்பு. அப்படிக் காட்டியவன் நான். என் கையை நம்பிய ஒருவனுக்கும் ஒரு விரல்கூட நசுங்கியதில்லை. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. நாய் ஏன் என் கையை அவ்வளவு கெதியாகப் படித்தது என்று நீங்கள் கேட்பீர்கள், அதற்காகச் சொல்கிறேன்.

நாய் என் மகள் தயாளினியுடையது. அவளுக்குக் கந்தோரில் எழுத்து வேலை. ஓர்ஸ் ஹில் மேட்டு வீட்டில் நானும் அவளும் மட்டும்தான். மீன் சந்தைக்குப் பின்னால் சொறி பிடித்துக் கிடந்த குட்டியைத் துவாயில் சுற்றிக்கொண்டு வந்தாள். வேப்பெண்ணெய் பூசினாள், கையால் ஊட்டினாள். வறுத்த கச்சான் கடலை நிறத்தில் மயிர் முளைத்தது, அதனால் கச்சான் என்று கூப்பிட்டாள். பெட்டை நாய்.

"சோறு வைக்குமட்டும்தான் அது உன்ர நாய்" என்றேன்.

"அப்ப உங்களுக்கும் நான்தானே சோறு வைக்கிறன். நீங்கள் யாற்ற ஆள்?"

இப்படித்தான் அவளுடைய கதை.

பிறகு இந்த டிலான் வந்தான். சேர்ச்சுக்குப் போகிற வேதக்காரப் பெடியன், கட்டாரில் நாய் பழக்கும் இடமொன்றில் வேலை செய்துவிட்டு வந்தவன். மேட்டில் ஒரு பழைய பங்களா வளவை எடுத்து, பின்னேரங்களில் நாய்களுக்கு ஓட்டம் பழக்கினான். தடிகளைக் குறுக்கே வைத்துத் தாண்ட விடுவது, துணிக் குழாய்க்குள்ளால் ஓட விடுவது, நட்ட கம்பிகளுக்கிடையில் வளைந்து வளைந்து போக விடுவது. கொழும்பில் அதற்குப் போட்டி இருக்கிறதாம். தயாளினி கச்சானைக் கூட்டிக்கொண்டு போனாள். நான் வேலியோரம் நின்று பார்த்தேன்.

வளவின் கடற்பக்கத்தில் ஒரு மதில் இருக்கிறது. வளவுக்குள் நின்று பார்த்தால் முழங்கால் உயரம். மறுபக்கம் பனை உயரத்துக்குப் பாறை, கீழே கடல். முதல் நாளே டிலானைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

"தம்பி, உந்த மதிலும் நாய்க்குத் தடி மாதிரித்தான் தெரியும். வலை கட்டு."

அவன் பழைய மீன்வலையொன்று வாங்கி மதில் நெடுகக் கட்டினான். கட்டச் சொன்னது நான். அதை எழுதிக்கொள்ளுங்கள்.

நாய் வாயைப் பார்ப்பதில்லை என்பதை அங்கேதான் கண்டேன். கத்துவதெல்லாம் மனிதருக்கு. நாய் தோளைப் பார்க்கிறது, கால் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்க்கிறது, கையைப் பார்க்கிறது. கை எங்கே நீள்கிறதோ அங்கே போகிறது. தொடக்கத்தில் கச்சான் ஒவ்வொரு தடிக்கு முன்னாலும் நின்றது. மோந்து பார்த்தது, அப்பால் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்த்தது. எனக்கு அது பிடித்திருந்தது. இந்த வீட்டில் என்னைத் தவிர இன்னொரு புத்தியுள்ள சீவன் என்று நினைத்தேன்.

அந்தப் புத்தியைத்தான் அவர்கள் எடுத்துவிட்டார்கள். போட்டியில் தடிக்கு முன்னால் நின்றால் பிழையாம்.

"நிண்டு பாக்கிறது நல்லதுதானே, பிள்ளை" என்றேன்.

"நிண்டால் ஜட்ஜ் கை தூக்குவார் அப்பா. அது என்னை நம்பிப் பாயவேணும். அதுதான் இந்த விளையாட்டே."

நம்பிப் பாய வைப்பதற்காக அவள் என்னென்ன செய்தாள் தெரியுமா? நிலத்தில் படுத்துப் புரண்டாள். பழைய துவாயைக் கடிக்கக் கொடுத்து இழுத்தாள். சரியாகத் தாண்டினால் அந்தப் பிராணியைக் கட்டிப்பிடித்து, நான் ஒருநாளும் கேட்காத குரலில் கொஞ்சினாள். கொஞ்ச நாளில் கச்சான் நிற்பதை விட்டுவிட்டது.

பகலில் அவள் கந்தோருக்குப் போனபின் நானும் பழக்கத் தொடங்கினேன். ஈரலை அவித்துச் சின்னத் துண்டுகளாக வெட்டி மடியில் வைத்துக்கொள்வேன். முற்றத்தில் இரண்டு வாளியைக் கவிழ்த்து மேலே கூட்டுகிற தும்புத்தடியை வைப்பேன். என் கை சுத்தமான கை, தேவையில்லாமல் ஆடாது. மகளுக்கு மாதக் கணக்கில் எடுத்தது எனக்குக் கிழமைக் கணக்கில் வந்தது. பிறகு ஈரல் இல்லாமலும் ஓடியது. மத்தியானத்தில் என் கதிரைக்குக் கீழே வந்து, என் பாதத்தின் மேல் நாடியை வைத்துப் படுத்தது. அதன் மூச்சு சூடாக இருக்கும். காலை இழுக்காமல் இருப்பேன். அந்த நாய் மேல் எனக்கு வெறுப்பு இருந்ததென்று யாரும் சொன்னால் அது பொய்.

பக்கத்து வீட்டுப் புஷ்பவதி வேலிக்கு மேலால் எட்டிப் பார்ப்பாள்.

"அருளம்பலம் அண்ணை, என்ர மனுசனையும் உப்பிடி ஒருக்காப் பழக்கித் தாங்கோவன். சாப்பிடக் கூப்பிட்டாலும் வாறாரில்ல."

தயாளினிக்குச் சரியான சந்தோசம். "அப்பாவும் கச்சானும் கூட்டாகிட்டினம்" என்று டிலானுக்கு ஃபோனில் சொன்னாள். அவள் சிரித்ததைக் கேட்டேன். இரண்டு பேரும் அதிகம் சிரிக்கிறார்களே என்றும் அப்போதுதான் நினைத்தேன்.

என் நினைப்புப் பிழைக்கவில்லை. கொழும்புக்குப் போவதற்கு முந்திய கிழமை, குசினியில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டே சொன்னாள்.

"போட்டி முடிய டிலானும் நானும் கலியாணம் எழுதப்போறம் அப்பா. பிறகு கொழும்பிலதான் இருப்பம். நீங்களும் வாங்கோ."

"அவன்ர ஆட்களைப் பற்றி விசாரிச்சனியா?"

"இல்லை."

"கட்டாரில என்ன செய்தவனாம், ஏன் விட்டிட்டு வந்தவனாம், கேட்டனியா?"

"கேக்கேல்ல. நம்புறன்."

"எதை வச்சு?"

அவள் கோப்பையை என் முன்னால் வைத்தாள். கோபப்படவில்லை. "கச்சான் என்னை எதை வச்சு நம்புது? ஒவ்வொண்டுக்கும் நிண்டு யோசிச்சுக்கொண்டிருந்தால் ஒண்டையும் தாண்ட ஏலாது. உங்களைப் போல ஒரு இடத்திலதான் நிக்கவேணும்."

அந்தத் தேத்தண்ணியை நான் குடிக்கவில்லை.

ஒரு தகப்பன் என்ன செய்வான்? அடித்துச் சொல்கிற வயதில்லை அவளுக்கு. சொன்னால் கேட்கிறவளுமில்லை. கண்ணால் கண்டால் மட்டும்தான் நம்புவாள். நம்பிப் பாய்ந்தால் என்ன நடக்கும் என்பதை ஒருக்கால் கண்டுவிட்டால், ஆயுளுக்கும் மிதிக்க முதல் பார்த்து மிதிப்பாள், என்னோடும் இருப்பாள். அதற்கு ஒரு நாய் பெரிய காரியமில்லை. இப்போது யோசித்தாலும் என் கணக்கில் பிழை தெரியவில்லை.

கடைசிப் பயிற்சி நாள் மற்றவர்கள் வர முதல் நான் வெள்ளனவே வளவுக்குப் போனேன். டிலான் மற்றப் பக்கத்தில் தடிகளை நட்டுக்கொண்டிருந்தான். மதில் நடுவில் வலையின் முடிச்சுகளை அவிழ்த்துச் சுருட்டி ஓரமாக வைத்தேன். ஒளித்துச் செய்யவில்லை. பிறகு வந்த ஒருவரும் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. இந்தக் காலத்து ஆட்கள் பார்ப்பதில்லை என்றுதானே முதலே சொன்னேன்.

தயாளினி கச்சானை ஓட்டி முடித்தாள். ஒரு பிழையில்லை. எல்லோரும் கைதட்டினார்கள். நான் வேலியோரத்திலிருந்து உள்ளே வந்தேன்.

"நானும் ஒருக்கா ஓட்டிப் பாக்கிறன்."

"ஐயா, முழங்கால் கவனம்" என்றான் டிலான். "விழுந்தால் உங்களையும் கச்சான்தான் இழுத்துக்கொண்டு வரவேணும்."

தயாளினி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவளுடைய கண் கலங்கியிருந்தது. தகப்பன் மனம் மாறிவிட்டான் என்று நினைத்திருப்பாள். ஃபோனைத் தூக்கிப் படம் எடுக்கத் தொடங்கினாள்.

நான் கச்சானை விட்டேன். முதல் தடி, அடுத்த தடி, குழாய். நான் ஓடவில்லை, நடந்தேன். என் தோளையே பார்த்துக்கொண்டு அது வளைந்து வந்தது. கம்பிகளுக்கிடையால் தண்ணீர் போவதுபோலப் போனது. ஆட்கள் சத்தம் போட்டார்கள். அதன் வால் ஆடியதைப் பார்த்தேன். கடைசித் தடியைத் தாண்டியதும் என் இடது காலைத் திருப்பினேன், கையை மதில் பக்கம் நீட்டினேன்.

அது மதிலைத் தாண்டியது.

கீழேயிருந்து சத்தம் வரக் கொஞ்சம் நேரம் எடுத்தது. டிலான் கற்படியால் கீழே பாய்ந்து ஓடினான். மற்றவர்கள் மதிலடிக்கு ஓடினார்கள். தயாளினி மட்டும் நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை. மதிலைப் பார்க்காமல் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கண்டியா பிள்ளை" என்றேன். "நம்பிப் பாய்ஞ்சால் இதுதான்."

"அது நிண்டது அப்பா."

நான் கையை இறக்கினேன்.

"மதிலுக்கு முன்னால நிண்டது. திரும்பி உங்கட முகத்தைப் பாத்தது. நீங்கள் ரெண்டாந்தரமும் கையைக் காட்டினீங்கள்."

ஓம். நின்றது. அதையும் எழுதிக்கொள்ளுங்கள், படத்தில் இருக்கிறதாம். முன்னங்கால்களை ஊன்றி நின்று, பழைய நாளில் நின்றதுபோல மோந்து பார்த்தது. அவர்கள் எடுத்துவிட்டார்கள் என்று நான் நினைத்த புத்தி உள்ளே எங்கேயோ கிடந்திருக்கிறது. பிறகு திரும்பி என்னைப் பார்த்தது. துறைமுகத்தில் ஒரு வழக்கம் உண்டு. கிரேன்காரன் சந்தேகப்பட்டு நிறுத்திவிட்டு உன்னைப் பார்த்தால், நீ அறைக்குள் ஒருக்கால் குனிந்து பார்த்துவிட்டுத்தான் மறுபடி கை காட்டவேண்டும். நான் குனிந்து பார்க்கவில்லை. கீழே என்ன இருக்கிறதென்று எனக்குத் தெரியும். கையைக் காட்டினேன்.

டிலான் அதைச் சட்டையில் சுற்றித் தூக்கிக்கொண்டு மேலே வந்தான். தயாளினி போய் அதன் தலையைப் பிடித்துக்கொண்டாள். மூச்சு இல்லை.

"அப்பாவை நம்பித்தான் பாய்ஞ்சது" என்றாள். எனக்குச் சொல்லவில்லை, அவனுக்குச் சொன்னாள். பிறகு இருவரும் அவனுடைய வான் வண்டியில் ஏறினார்கள். அவள் இன்றுவரை வீட்டுக்கு வரவில்லை.

அன்று நான் வளவின் கேற்றைத் திறந்துகொண்டு இறக்கத்தில் இறங்கினேன். பின்னால் யாரோ என் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள், திரும்பவில்லை. நம்பிப் பாய்ந்ததாம். அதை நான் ஏற்கமாட்டேன். உண்மையாகவே நம்பியிருந்தால், முதல்தரம் காட்டும்போதே போயிருக்கும்.