திருப்பத்தில் மாறாத கேமரா

– நிறுத்து, நிறுத்து. ஏன்டா படத்துல கேமரா மாறவே இல்ல? இன்னும் லாரிக்குள்ளயே உட்கார்ந்திருக்கோமே?

– அதான்க்கா நானும் பார்க்கிறேன். ஒரு நிமிஷம் இரு.

– உன் ஒரு நிமிஷத்துல தீயை வைக்க. என் புள்ளை எப்படிச் செத்தான்னு இன்னைக்குக் கோர்ட்ல போட்டுக் காட்டணும். வக்கீல் இப்ப வந்து வாசல்ல நிப்பாரு.

– கம்ப்யூட்டருக்குள்ள நாலு கேமரா வெச்சிருக்கேன்ல? டிரைவர் சீட்ல ஒண்ணு, கடை மாடியில ஒண்ணு, பஸ் ஸ்டாப்புல ஒண்ணு, மேலேருந்து ஒண்ணு. எந்த இடத்துல எதுக்குத் தாவணும்னு குறி வைக்கணும். வெச்சேன். ஒவ்வொரு குறியோடயும் அதுக்குரிய கேமராவை இணைச்சுக் கட்டணும், அதை விட்டுட்டேன். அது பாட்டுக்கு டிரைவர் சீட்லேருந்தே மொத்தப் படத்தையும் எடுத்துத் தள்ளியிருக்கு.

– நல்ல மேதாவிடா நீ. ஊருக்கெல்லாம் கார்ட்டூன் பண்ணிக் குடுப்பே, சொந்த மருமகனுக்குன்னா கோட்டை விடுவே.

– திட்டுக்கா. நல்லா திட்டு. குட்டியோட ஸ்கூல் பையை வரையறதுக்குள்ள நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

– சரி சரி, அழுது தொலைக்காதே. கட்டிட்டு மறுபடி ஓட விடு.

– முழுசா ஓட நேரமில்ல. லாரி திரும்புற இடத்தை மட்டும் புதுசா எடுத்து ஒட்டலாம். அக்கா, இரு. இங்க பாரேன்.

– என்னத்த?

– லாரி திரும்புது. குட்டி எங்க?

– அங்கதான் இருப்பான். நல்லா பாரு.

– இல்லக்கா. ஒவ்வொரு படமா தள்ளிப் பார்த்துட்டேன். கதவுக்கும் முன்கண்ணாடிக்கும் நடுவுல இருக்கே கம்பம், அது மறைக்குது. குட்டி நடக்க நடக்க அதுவும் கூடவே நகருது. அப்புறம் நேரா பம்பருக்குக் கீழ. ஒரு தடவைகூட கண்ணுல படல.

– நீ தப்பா அளந்திருப்பே.

– அளவெல்லாம் போலீஸ் எடுத்ததுக்கா. சீட் உயரம், அந்த டிரைவர் ஆளு உயரம், எல்லாமே.

– அதுக்கு இப்ப என்னங்கிறே?

– அந்த ஆளு சொன்னது நிஜம். "நான் பார்க்கவே இல்லம்மா"ன்னு உன் கால்ல விழுந்து கதறினானே.

– நடிப்புடா. சரியான நடிப்பு.

– பார்த்துட்டேதான் ஏத்தினான்னு கேஸ் நடத்துறோம்க்கா. ஒரு மனுஷனைக் கொலைகாரனாக்கப் போறோம்.

– எனக்கு அந்தப் பாவம் வந்தா வரட்டும். கேமராவைக் கட்டு. திரும்புறதுக்கு முன்னாடியே கடை மாடிக்கு மாத்து. அங்கேருந்து பார்த்தா புள்ளை பளிச்சுனு தெரியுறான்ல? பார்க்கிறவங்களுக்கு அது போதும்.

– இதே இடத்துலதான் மாத்தணும்னு ஆரம்பத்துலேருந்தே ஒத்தக் கால்ல நின்னியே. ஏன்க்கா?

– வேலையைப் பாருடா.

– அக்கா, என்னைப் பாரு. உனக்கு முன்னாடியே தெரியுமா?

– ஸ்டேஷன்ல அந்த லாரியை நிறுத்தி வெச்சிருந்தாங்கல்ல, கெஞ்சிக் கூத்தாடி அதுல ஏறி உட்கார்ந்தேன். உங்க மாமாவைக் குட்டி உயரத்துக்கு முட்டி போட்டு நகரச் சொன்னேன். பாவம் மனுஷன், முட்டியெல்லாம் தேய்ஞ்சு ரத்தம். தெரியலடா. எப்படிப் பார்த்தாலும் தெரியல.

– தெரிஞ்சுமா இவ்வளவும் பண்ணே? அந்த ஆளு மேல அப்படி என்னக்கா கோபம்?

– கோபமெல்லாம் எப்பவோ போயிடுச்சு. அன்னைக்கு நான் ஆபீஸ்ல இருந்தேன், மாமா வெளியூர்ல இருந்தாரு. கடையெல்லாம் சாத்திக் கிடந்துச்சு, ரோட்ல ஈ காக்கா இல்ல. அந்த மாடியில நிஜத்துல யாருமே நிக்கலடா. அவனும் பார்க்கலேன்னு ஆயிட்டா, என் புள்ளையைக் கடைசியா யாருதான்டா பார்த்தது?